பூட்டு ராசாவுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வெண்ணாந்தாங்கலில் மண்ணுக்குக் கண் திறந்துவிட்டு அதை அடிக்காமல் விட்டது ஒரே ஒரு வருஷம்தான், அது உலகமே வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்த வருஷம், அந்த வருஷம் மண் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் அதெப்படி என்று கேட்கிறார்கள், எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. கண்ணைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் எழுந்திருக்காமல் வேறென்ன செய்யும்.

பூட்டு ராசா கூத்து எங்கள் ஊருக்கே உரியது, வேறெங்கும் ஆடுவதில்லை. மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலத்தில் சனங்களின் நெல்லையெல்லாம் தன் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டி, சாவியைத் தன் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்துக்கொண்ட ராசா அவர். ஒன்பது ராத்திரியும் சனங்கள் வந்து வந்து கேட்பார்கள், ஒன்பது ராத்திரியும் அவர் திறவேன் திறவேன் என்று பாடுவார், பத்தாம் நாள் பட்டப்பகலில் முத்துவீரன் வந்து கதாயுதத்தால் அவர் நெஞ்சைப் பிளந்து சாவியை எடுப்பான். பத்தாம் நாள் மட்டும் ராசா வேஷம் யாருக்கும் கிடையாது. அன்றைக்கு ராசா என்பது ஏரி உள்வாயில், கரைக்கு உள்பக்கத் தரையில், மல்லாந்து படுத்திருக்கும் மண் உருவம், நின்றால் பனைமரத்தில் பாதி வரும், மார்புக்குள் குங்குமத் தண்ணீர் நிரப்பிய கலயம் புதைத்திருக்கும், அடி விழுந்து கலயம் உடைந்ததும் ஊரே பாய்ந்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளிப்போய் அரிசிப் பானையில் போட்டுக்கொள்வோம்.

இதில் கூத்துக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பத்தாம் நாள் விடியலில் கவிழ்த்த சட்டிகளுக்கு வெள்ளை பூசிக் கரியால் வட்டம் போட்டு ராசாவுக்குக் கண் திறப்பார்கள், கண் திறந்ததிலிருந்து அடி விழும் வரைக்கும் மண்ணில் ஒரு விரிசல் வரக் கூடாது, வந்தால் ஊருக்கு ஆகாது, ஆகவே முத்துவீரன் வேஷக்காரன் தன் கையாலேயே ஏரித் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றி அந்த உடம்பை ஈரமாக வைத்திருக்க வேண்டும். அடிக்கப் போகிறவன்தான் அதுவரைக்கும் காக்க வேண்டும். அரை நாள் வேலைதானே என்று யாரும் இதைப் பெரிதாக நினைத்ததில்லை.

அந்த வருஷம் பங்குனியில் ஒன்பது ராத்திரி ஆடி முடித்து, பத்தாம் நாள் விடியலில் கண்ணும் திறந்து, முத்துவீரன் வேஷக்காரனான அய்யாக்கண்ணு முதல் குடத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது போலீஸ் ஜீப் வந்தது. நாடு முழுக்க ஊரடங்கு, கூட்டம் கூடக் கூடாது, கூத்து கிடையாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கூத்து வாத்தியார் தணிகாசலம், வருஷா வருஷம் வெளியூரிலிருந்து வந்து எங்களுக்கு ஆடுகிற குழுவுக்குத் தலைவர், கையெடுத்துக் கும்பிட்டு ஒரே ஒரு அடிதான் சார், அடித்துவிட்டுக் கலைந்து போகிறோம் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், அடிக்கிறது ஒரு ஆள்தான், மண் அள்ள ஓடிவருகிற ஊரை யார் பிடிப்பது என்று கேட்டார். எங்களை நாங்களே ஒருமுறை பார்த்துக்கொண்டோம், எங்களுக்கும் நம்பிக்கை வரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டோம். திறந்த கண்ணை மூடிவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதற்கு முறையும் எதுவும் இல்லை.

என் மோட்டார் கொட்டகை ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது, அதனால் மற்றவர்கள் காதால் கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பொழுது இறங்கும் நேரத்தில் அய்யாக்கண்ணு இரண்டு குடம் தண்ணீரோடு உள்வாயில் இறங்கினான், ராசா எழுந்து உட்கார்ந்து முதுகில் ஒட்டியிருந்த கோரைப்புல்லைத் தட்டிவிட்டு, “வீரா, தாகம்” என்றார், அவர் குனிந்து கொடுக்க அய்யாக்கண்ணு ஒரு குடத்தைத் தலையிலும் ஒரு குடத்தை மார்பிலும் ஊற்றினான். பிறகு குழு தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னான். வாத்தியார் மோவாயைத் தடவிக்கொண்டே, நாளையிலிருந்து நாலு குடமாக ஊற்று, உட்கார்ந்தால் நாலு பக்கமும் காற்று படும், சீக்கிரம் காயும் என்றார்.

மறுநாள் ஊராட்சித் தலைவி விருத்தாம்பாள் வந்து பார்த்தாள். இருமல் இருக்கிறதா, எங்கிருந்து வந்தார் என்று கேட்டாள், இருமல் இல்லை, இங்கேதான் இருந்தார் என்று சொன்னோம், அப்படியானால் வெளியூரிலிருந்து வந்தவர் கணக்கில் வரமாட்டார், தனிமைப்படுத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்தாள். லைன்மேன் வந்து எந்தெந்தத் தெருவில் கரண்டுக் கம்பி தாழ்வாகப் போகிறது என்று காட்டிக் கொடுத்தார். நர்சம்மா காய்ச்சல் பார்க்கிற கருவியை ராசாவின் முழங்கால் வரைதான் எட்டிப் பிடிக்க முடிந்தது, அதில் எண் எதுவும் வரவில்லை, காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். முகக்கவசம் இல்லாமல் ஊருக்குள் வரக் கூடாது என்று போலீஸ்காரர் சொன்னதால், தையல் மெஷின் வைத்திருந்த பெண்கள் கூடிக் கூத்துக்காரர்களின் திரைச்சீலையை வாங்கி மடித்துத் தைத்துக் கொடுத்தார்கள், வேஷக்காரர்கள் நுழைவதற்கு முன்னால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்களே அந்தத் திரை, அதில் எழுதியிருந்த இரண்டு கிளிகளும் ராசாவின் கன்னத்துக்கு ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

ஒரே சங்கடம், கட்டியக்காரன் முன்னால் போய்ப் பராக்கு சொல்லாமல் ராசா எங்கேயும் நுழையமாட்டார். கூத்தில் கட்டியக்காரன் வேஷம் மாசிலாமணியுடையது, ராசா வருகிறார் என்று அறிவிப்பதும் நடுநடுவே ராசாவைக் கிண்டல் செய்து சிரிக்க வைப்பதும் அவன் வேலை. ராசாவுக்குப் பூட்டு என்றால் உயிர், சாயங்காலமானால் கடைத்தெருவில் மூடிக்கிடந்த கடைகளின் பூட்டையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வருவார், முன்னால் மாசிலாமணி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கியோடு ராசாதி ராசன் வருகிறார் பராக் என்று கூவிக்கொண்டே போவான். பகலில் ஊர் எல்லையில் போய் உட்கார்ந்துகொள்வார், உள்ளே வருகிறவனும் வரமாட்டான், சரக்கு தேடிப் பக்கத்து ஊருக்குப் போகிறவனும் போகமாட்டான், யார் கேட்டாலும் அவருக்குத் தெரிந்த ஒரே பதில் திறவேன் என்பதுதான். சுற்று வட்டாரத்திலேயே ஊரடங்கை ஒழுங்காக நடத்திய ஊர் எங்களுடையது என்று இன்ஸ்பெக்டர் சால்வை கொண்டுவந்தார், அது ராசாவின் சுண்டுவிரலுக்குச் சரியாக இருந்தது.

இப்படி எங்களுக்கு ராசா பழகிவிட்டார், கூத்துக்காரர்களுக்குப் பசிதான் பழகவில்லை. பங்குனி தொடங்கி ஆடி முடியும் வரை ஆடிச் சம்பாதிப்பதை வைத்து வருஷம் முழுவதும் சாப்பிடுகிறவர்கள் அவர்கள், அத்தனை ஊர்த் திருவிழாவும் நின்றுபோனது, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போன் வந்தது. முதலில் வீட்டுக்கு வீடு அரிசி எடுத்துக் கொடுத்தோம், பிறகு எங்கள் கையும் வற்றியது, வற்றாதவர்களும் வற்றியதாகவே சொன்னார்கள். பிறகு டிவியில் நல்ல சேதி வந்தது, கலைஞர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது, வாரிய அட்டை வைத்திருப்பவர்களுக்கு நேராக வங்கிக் கணக்கில் வரும் என்று. அட்டை எல்லாரிடமும் இருந்தது, புதுப்பித்தவர் வாத்தியார் ஒருவர்தான், ஏனென்றால் புதுப்பிக்கிற முகாம் எப்போதும் கூத்துப் பருவத்தில்தான் வரும், ராத்திரியெல்லாம் ஆடிவிட்டுப் பகலில் தூங்குகிற மனுஷன் எந்த முகாமுக்குப் போவான். வாத்தியார் தனக்கு வந்ததை மளிகைச் சாமானாக மாற்றிப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கொட்டினார், எல்லாரும் சேர்ந்து சமைத்தார்கள், சீக்கிரமே தீர்ந்தது.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் அவர்கள் போகவில்லை, ஊருக்குப் போனால் மட்டும் என்ன இருக்கிறது என்று இங்கேயே களை எடுக்கவும் வரப்பு வெட்டவும் போனார்கள். மற்றவர்கள் போக நினைத்திருந்தால் போயிருக்கலாம், அய்யாக்கண்ணு போகவே முடியாது. ஒரு வேளை தண்ணீர் தவறினால் ராசாவின் தோளில் மயிர்க்கோடாக விரிசல் விழுந்தது, வேறு யார் ஊற்றினாலும் அந்தத் தண்ணீர் மேலேயே வழிந்து போனது, உள்ளே இறங்கவில்லை. அவன் மனைவி அஞ்சலையும் இரண்டு பெண்பிள்ளைகளும் செஞ்சிப் பக்கத்தில் இருந்தார்கள், ரேஷன் அரிசியில் மாதத்தின் முதல் பாதி ஓடும். ஒருநாள் என் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டான், அவன் போனில் காதில் வைத்தால் கேட்காது, சத்தமாக வைத்தால்தான் கேட்கும், அதனால் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

“மண்ணுக்குத் தண்ணி ஊத்திக்கினு நீ அங்கயே இரு. இங்க உலையில வெக்கறதுக்கும் தண்ணி மட்டும்தான் இருக்குது. விறகு நனைஞ்சி போச்சின்னு உன் பழைய புஜகீர்த்திய எடுத்து அடுப்புல வெச்சிட்டன். கண்ணாடித் துண்ட மட்டும் பேத்து எடுத்து வெச்சிருக்கறன்.”

புஜகீர்த்தி என்பது வேஷக்காரர்கள் தோளில் கட்டுகிற மரச்சிறகு. அய்யாக்கண்ணு சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான், எனக்கு மனசு கேட்கவில்லை.

அவன் ராசாவோடு பேசுவதெல்லாம் தண்ணீர் ஊற்றும்போதுதான். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் ராசா, இவன் ஏணி போட்டு ஏறி மேலிருந்து ஊற்றி உள்ளங்கையால் தேய்த்துவிடுவான், வெடித்த இடத்தில் ஈர மண் வைத்து அடைப்பான், கைகள் வேலை செய்துகொண்டிருக்க வாய் பேசிக்கொண்டிருக்கும். அன்றைக்கு ராசா ஒரு கேள்வி கேட்டார். ஒன்பது ராத்திரியும் சனங்கள் பசி பசி என்று தன்னிடம் பாடுகிறார்களே, வயிறு இல்லாத மண்ணான தனக்கு அது விளங்கவில்லை, பசி என்றால் என்ன என்று கேட்டார். அய்யாக்கண்ணு தேய்ப்பதை நிறுத்தவில்லை. முதலில் வயிறு கத்தும், பிறகு கத்துவதை விட்டுவிடும், அதற்குப் பிறகு கோபம் வரும், அதுவும் யார்மேல் வரக் கூடாதோ அவர்கள் மேல்தான் வரும் என்று சொன்னான். அஞ்சலை அடுப்பில் வைத்த புஜகீர்த்தியைப் பற்றியும் சொன்னான், பெரியவள் ஒட்டடைக் குச்சியால் பக்கத்து வீட்டு முருங்கையைப் பறித்து அடி வாங்கியதைச் சொன்னான், சின்னவள் பள்ளிக்கூடம் இல்லாத வருஷத்தில் சத்துணவு மணி அடிக்கிற நேரத்துக்குத் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதைச் சொன்னான். ராசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், கொடுப்பதற்கான வசனம் அவருக்கு எந்த ராத்திரியிலும் எழுதப்படவில்லை.

ஆவணியில் ஓர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார், கலை சம்பந்தமான ஏதோ ஒரு துறை, இளம் வயசு, வெயிலில் கறுத்துப்போன முகம். ஊர் ஊராகப் போய்க் கூத்துக்காரர்களைத் தேடிப் பிடிப்பதே தன் வேலை என்றும், புதிதாக ஓர் உதவி வந்திருக்கிறது என்றும் சொன்னார். ஊரடங்கால் பாதியில் நின்றுபோன நிகழ்ச்சியை ஆள் கூட்டாமல் ஆடி முடித்து, படம் பிடித்து அனுப்பினால், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் உதவித்தொகை, அடுத்த பருவம் வரைக்கும் அடுப்பெரியக் கூடிய தொகை. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்பது ராத்திரி ஆடியாகிவிட்டது சார் என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். பத்து நாளும் சேர்ந்ததுதான் ஒரு கூத்து, ஒன்பது நாளுக்கென்று ஒரு தொகை கிடையாது, முடியாத கூத்துக்குக் கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்று வருத்தமாகவே சொன்னார்.

பிறகு குழுவில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஏரி உள்வாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ராசாவை நிமிர்ந்து பார்த்தார். இவரும் குழுவில் சேர்ந்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றோம். ஆதார் இருக்கிறதா என்றார். இல்லை என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் இவரை அரங்கப் பொருள் என்று போட்டுக்கொள்கிறேன் என்றார். ராசா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க, மாசிலாமணி, “எங்க கிரீடம் மாதிரி, கொட்டாய் மாதிரி. ஆடறதுக்கு வோணும், சோத்துக்கு வராது” என்று விளக்கினான். ராசா அதை ஏற்றுக்கொண்டார். பத்தாம் நாளில் என்ன நடக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டார், ராசாவே தன் மார்பைத் தொட்டுக் காட்டி, “இங்கே ஓர் அடி” என்றார்.

அன்று பள்ளிக்கூடத்தில் நடந்த பேச்சு ஊருக்கே கேட்டது. நான் அடிக்கமாட்டேன் என்று அய்யாக்கண்ணு சொன்னான். யாரும் அவனைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகவீணை ஊதுகிறவர் தன் மகன் கல்லறுக்கப் போய்க் கையை நசுக்கிக்கொண்ட கதையைச் சொன்னார், மிருதங்கக்காரர் தோலை அவிழ்த்து விற்றுவிட்ட மிருதங்கக் கட்டையைக் காட்டினார், மாசிலாமணி சிரிக்க வைக்கப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். கடைசியில் அய்யாக்கண்ணு எழுந்து, வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன், அதற்குமேல் என் கை என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது என்றான். வாத்தியார் அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்து அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அவன் குடத்தோடு போனபோது, ராசா கையை உயர்த்தித் தடுத்து, “வேண்டாம் வீரா, எனக்குத் தாகமில்லை” என்றார். சாயங்காலமும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. முதுகைக் காட்டச் சொன்னால் காட்டவில்லை, விரிசலை அடைக்கப் போனால் விலகி உட்கார்ந்தார், ஊர் எல்லைக்குப் போவதையும் கடைத்தெருப் பூட்டுகளை இழுத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, ஏரியிலேயே நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அய்யாக்கண்ணு என் கொட்டகைக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டான்.

“கோவிச்சிக்கினாருண்ணே. வேஷம் கட்டறன்னு நான் ஒத்துக்கினேன் இல்ல, அதான் மூஞ்சியத் திருப்பிக்கினாரு.”

ராசா என்றால் கோபம் வராதா, விடு என்று சொல்லி வைத்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் அவன் குடங்களை நிரப்பிக் கரைமேல் வைப்பதை நிறுத்தவில்லை, தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் மொண்டு வைத்தான், கேட்டால் கொடுக்கலாம் என்று.

குறித்த நாள் வந்தது. உள்வாயில் கூத்துக்காரர்களையும் அதிகாரியையும் தவிர ஒருவரும் இறங்கக் கூடாது என்று விருத்தாம்பாள் சொல்லிவிட்டதால் ஊர் முழுவதும் மாடியிலும் மரத்திலும் ஏறிக்கொண்டது, எனக்குக் கொட்டகை இருந்தது. ராசா தானாகவே நடந்து வந்து, பங்குனியில் படுத்திருந்த அதே இடத்தில், அதே பள்ளத்தில், தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்தார், கிளிகள் போட்ட முகக்கவசத்தைக் கழற்றி மாசிலாமணியிடம் கொடுத்தார். மாசிலாமணி அதை மடித்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு பராக்கு சொன்னான், அன்றைக்கு அதில் கிண்டல் எதுவும் சேர்க்கவில்லை. அதிகாரி போனை ஒரு கம்பில் கட்டி நிறுத்தினார். மிருதங்கத்துக்குப் பதில் தகர டின், முகவீணை, தாளம். அய்யாக்கண்ணு முழு வேஷத்தில், கிரீடம் புஜகீர்த்தி எல்லாம் மின்ன, மூன்று சுற்று சுற்றி வந்து மார்புக்கு நேரே கதாயுதத்தைத் தூக்கினான், தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது.

வாத்தியார் தாளத்தை இன்னொரு சுற்று இழுத்தார். கை இறங்கவில்லை. இன்னொரு சுற்று இழுத்தார். மை வைத்த கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி முகத்துப் பூச்சில் இரண்டு கோடு போட்டது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது, கதாயுதத்தைக் கீழே வைக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

வழக்கமாகப் பத்தாம் நாள் ராசாவின் வசனத்தை வாத்தியார்தான் பின்னாலிருந்து பாடுவார், அன்று அவர் வாயைத் திறப்பதற்குள் ராசா திறந்தார், அவர் பேசியது எந்த ராத்திரியின் வசனத்திலும் இல்லாதது.

“ஏனடா நிற்கிறாய், என் முதுகு தேய்த்த கூலியே? தண்ணீர் சுமந்து தழும்பேறிய தோளுக்குச் சிறகு ஒரு கேடா? அந்தச் சிறகைத்தான் உன் மனையாள் அடுப்பில் வைத்துவிட்டாளே, அது எரிந்ததில் உலை கொதித்ததா? காலித் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருக்கிறதாமே உன் இளைய குஞ்சு, அனுப்பு அவளை, என் களஞ்சிய வாசலைப் பெருக்கட்டும். சிந்திய நெல்லையும் பொறுக்க விடமாட்டேன். பெற்ற பிள்ளை பசித்துக் கிடக்க மண்ணுக்கு நீர் வார்த்த மடையனே, நீயா என்னைத் திறப்பவன்? திறவேன், திறவேன், உன் குலம் பட்டுப் போனாலும் திறவேன்.”

அந்தப் பிள்ளை தட்டு கழுவுவதை அவன் யாரிடம் சொல்லியிருப்பான், முதுகு தேய்த்துக்கொண்டே நம்பிச் சொன்னதை இப்படி ஊர் நடுவில் எடுத்து எறியலாமா என்று எனக்கு ரத்தம் கொதித்தது, கையில் கிடைத்திருந்தால் நானே அடித்திருப்பேன், மறைக்க என்ன இருக்கிறது. அய்யாக்கண்ணு கத்தினான், அது கூத்துக் கத்தல் இல்லை, கத்திக்கொண்டே இறக்கினான்.

ஒரே அடி. ஈர மண் என்றால் மூன்று நான்கு அடி வாங்கும், கதாயுதம் உள்ளே சிக்கிக்கொள்ளும், இழுத்து எடுக்க ஆள் வேண்டும். அன்றைக்கு மார்பு காய்ந்த வறட்டி போல இரண்டாக உடைந்தது, தோள், கழுத்து, கன்னம் என்று வரிசையாக விரிசல் ஓடிப் புழுதி கிளம்பியது, கலயம் உடைந்து குங்குமத் தண்ணீர் கொட்டியதை மண் சுவடில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. வாத்தியார் தாளத்தை நிறுத்தினார். அய்யாக்கண்ணு குனிந்து உடைந்த மண்ணில் ஒரு துண்டை எடுத்தான், விரல் பட்டதும் அது பொடியாகிக் கீழே விழுந்தது, இன்னொரு துண்டை எடுத்தான், அதுவும் பொடியானது. கரைமேல் நிரம்பிய வாக்கில் நின்றிருந்த குடங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். என் கொட்டகைப் பக்கம் பார்த்துத்தான் சொன்னான்.

“காஞ்சிருக்காருண்ணே. எனக்கு ஒரே அடியில முடியணும்னு காய வெச்சிக்கினு வந்து படுத்திருக்காரு. கோவம் இல்லண்ணே. கோவமே இல்ல.”

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை, இல்லை என்பது, அதைக் கடைசி வரைக்கும் சரியாகச் செய்துவிட்டுப் போய்விட்டார். என் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மாடியில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அந்த வருஷத்தில் யாராவது மூக்கை உறிஞ்சினால் பக்கத்தில் இருப்பவர் விலகிப் போவார்கள், அன்றைக்கு ஒருவரும் விலகவில்லை.

அய்யாக்கண்ணு கரைக்கு ஏறினான், வேஷத்தோடேயே ஒரு குடத்தைத் தலையில் வைத்து ஒரு குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, ஒன்றை உடைந்த தலையிலும் ஒன்றைப் பிளந்த மார்பிலும் ஊற்றினான். உள்ளங்கையால் தேய்த்துவிட்டான். பெரிய விரிசல்களில் ஈர மண்ணை வைத்து அடைத்தான். மறுபடி போய் மொண்டு வந்து ஊற்றினான், விடுப்பா என்று வாத்தியார் சொன்னார், அவன் விடவில்லை, வெகு நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தான். மண் அத்தனையையும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. கம்பில் கட்டிய போனை நிறுத்த அதிகாரிக்குத் தோன்றவில்லை, அதனால் அதுவும் படத்தில் வந்துவிட்டது.

படத்தைப் பார்த்த மேலதிகாரிகள், வதத்துக்குப் பிறகு வீரனே அசுரனுக்கு நீர் வார்க்கும் அந்தக் கடைசிக் கட்டம் மிகவும் பழமையான மரபாகத் தெரிகிறது, நிகழ்ச்சி முழுமையாக நிறைவு பெற்றிருக்கிறது என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். உதவித்தொகை எல்லாருக்கும் வந்தது, மாசிலாமணிக்கு மட்டும் பெயரில் ஓர் எழுத்து மாறிக் கொஞ்சம் தாமதமாக வந்தது. அய்யாக்கண்ணு தொகை வந்த அன்றே ஊருக்குக் கிளம்பினான், அரிசி மூட்டையும், சின்னவளுக்கு மூடி போட்ட புதுத் தட்டும் வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அடி விழுந்த மறுநாள் மண் அள்ள நாங்கள் இடைவெளி விட்டு வரிசையில் நின்றோம், அவன் அள்ளவில்லை. நகத்துக்குள் இருப்பதே போதும் என்று சொல்லிவிட்டான்.

திருவிழாக்கள் திரும்பிய வருஷத்திலிருந்து பழையபடி பூட்டு ராசா கூத்து நடக்கிறது, ஒன்பது ராத்திரி, பத்தாம் நாள் விடியலில் கண் திறப்பு, உச்சிப் பொழுதுக்குள் அடி, யாரும் ஒரு நிமிஷம் தாமதிப்பதில்லை. அடித்து முடித்ததும் அய்யாக்கண்ணு கரைக்கு ஏறிக் குடத்தோடு வருவான், ஊர் எழுந்து நிற்கும், அவன் ஊற்றி முடிக்கும் வரைக்கும் ஒருவரும் ஒரு பிடி மண் தொடமாட்டோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இது என்ன வழக்கம் என்று கேட்கிறார்கள், இது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறோம், அவர்களும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டுகிறார்கள். போன பங்குனியில் அவன் ஊற்றிவிட்டு எழுந்திருக்காமல் மண்ணில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு போய் இன்னும் ஒரு குடம் கொண்டுவந்தான்.